வேர்டு அட்டவணையில் மொத்தம் தப்பாக வருகிறது: கொடை விழாக் கணக்கு, அவசரம்

கொடைக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை முடிந்து வரவு செலவு நோட்டீஸ் அடிக்க வேண்டும், வரும் ஞாயிறு ஊர்க்கூட்டம், வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும். போன வருஷம் வரை கையால் எழுதி பிரஸ்ஸில் கொடுத்தோம். இந்த முறை நானே வேர்டில் டேபிள் போட்டு அடிக்கிறேன் என்று சபையில் வாயைக் கொடுத்துவிட்டேன். இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

டேபிள் இப்படி இருக்கிறது. முதல் வரிசை தலைப்பு: எண், விவரம், 2023, 2024. கீழே:

பந்தல், சீரியல் விளக்கு – 38,000 – 42,500
மேளம், நாதஸ்வரம் – 25,000 – 28,000
பூ அலங்காரம் – 14,500 – 16,200
அன்னதானம் மளிகை – 55,350 – 68,740
காய்கறி – 12,400 – 13,685
பாத்திர வாடகை – 6,500 – 7,000
வில்லுப்பாட்டு – 18,000 – (இந்த வருஷம் வைக்கவில்லை, காலி)
ஒலிபெருக்கி – 9,000 – 9,500
நோட்டீஸ் அச்சு – 4,200 – 4,800
இதர செலவு – 3,750 – 4,310

கடைசி வரிசையில் மொத்தம். லேஅவுட்டில் ஃபார்முலா என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் தானாகவே =சம்(அபவ்) என்று வருகிறது, ஓகே கொடுத்தேன். 2023க்கு 188,723 என்று காட்டுகிறது. போன வருஷம் அச்சடித்த நோட்டீஸில் 1,86,700. சரி, 2024ஐப் பார்ப்போம் என்றால் அங்கே 18,610! ஒரு பக்கம் கூடுகிறது, ஒரு பக்கம் லட்சக்கணக்கில் குறைகிறது. நோட்டில் நான் கூட்டி வைத்திருப்பது 1,94,915. டேபிளை அழித்து அழித்து மூன்று தடவை அடித்துவிட்டேன், அதே கதை. ஊரில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார்கள், இதில் ஒன்றே முக்கால் லட்சம் எங்கே என்று கேட்டால் நான் எங்கே போவேன்.

(இந்தத் தளத்தில் ஆங்கில எழுத்து போடக் கூடாது என்பதால் ஃபார்முலாவையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

---

மின்னல்வரி எழுதியது:

ஆபீஸை ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள். எனக்கும் ஒருமுறை இப்படி ஏதோ ஆச்சு, வைரஸ்.

---

ஒன்பதாம்விசை எழுதியது:

ரீஇன்ஸ்டாலும் வேண்டாம், வைரஸும் இல்லை. அதைத் தொடாதீர்கள், நோட்டீஸ் அடிக்கிற வாரத்தில் ஆபீஸைக் கழற்றி மாட்டுவது கொடை அன்றைக்குப் பந்தலைப் பிரிக்கிற மாதிரி.

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். எந்த மொத்தம் இடித்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். 188,723இல் 1,86,700ஐக் கழியுங்கள். 2,023. என்ன எண் அது? உங்கள் தலைப்பு! "அபவ்" என்றால் வேர்டுக்கு "எனக்கு மேலே இருக்கிற எண்கள் எல்லாம்" என்று அர்த்தம். தலைப்பு, வருஷம் என்ற வேறுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. தலைப்புக் கட்டத்தில் 2023 என்று எண் இருந்தது, அதையும் ரூபாயாக நினைத்துச் சேர்த்துக் கூட்டிவிட்டது.

2024இல் நடந்தது நேர் எதிர். 18,610ஐப் பாருங்கள்: 9,500 + 4,800 + 4,310. அதாவது கீழே இருக்கிற மூன்றை மட்டும் கூட்டியிருக்கிறது. "அபவ்" மேலே ஏறிக்கொண்டே போகும், காலிக் கட்டம் வந்தால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் வில்லுப்பாட்டுக் கட்டம் காலி, அதற்கு மேலே இருக்கிற ஆறு செலவும் கணக்கிலேயே வரவில்லை.

காலிக் கட்டத்தில் 0 போட்டு, மொத்தத்தின் மேல் கிளிக் செய்து எஃப்9 அழுத்துங்கள். என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

---

கொடைக்கணக்கு எழுதியது:

அண்ணாச்சி, கும்பிடுகிறேன். 2,023ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், இரண்டு நாளாக இதே எண்ணை முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், தலைப்பு என்று தோன்றவே இல்லை.

0 போட்டேன். எஃப்9 அழுத்தினால் முதலில் ஒன்றும் ஆகவில்லை, ஸ்பீக்கர் சத்தம் கூடியது குறைந்தது. இப்போது 196,759 வருகிறது. நோட்டில் 1,94,915. அப்படியானால் 2,024 கூடுதலாக இருக்க வேண்டும், ஆனால் வித்தியாசம் 1,844 தானே?

---

ஒன்பதாம்விசை எழுதியது:

பல லேப்டாப்பில் எஃப் விசைகளுக்கு முதல் வேலை சத்தம், வெளிச்சம் எல்லாம். எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்9 அழுத்த வேண்டும். அது பிடிக்கவில்லையா, மொத்தத்தின் மேல் ரைட் கிளிக் செய்து அப்டேட் ஃபீல்டு கொடுங்கள், ஒன்றுதான்.

முதலில் 2,024ஐ வெளியே எடுப்போம், மீதியை அப்புறம் பார்க்கலாம். "அபவ்" வேண்டவே வேண்டாம். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எக்செல் மாதிரியேதான்: இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, மேலிருந்து கீழாக 1, 2, 3. தலைப்பு முதல் வரிசை. ஆகவே 2023க்கு =சம்(சி2:சி11), 2024க்கு =சம்(டி2:டி11). மொத்தத்தில் கிளிக் செய்து மறுபடி ஃபார்முலா பட்டனை அழுத்தி, இருப்பதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள். இப்படிப் போட்டால் நடுவில் காலிக் கட்டம் இருந்தாலும் நிற்காது, ஆகவே அந்த 0கூட இனித் தேவையில்லை.

---

தென்றல்77 எழுதியது:

எக்செல் எதற்கு இருக்கிறது? வேர்டில் கூட்டல் போடுவது அரிவாள்மனையில் முடி வெட்டுகிற மாதிரி.

---

கொடைக்கணக்கு எழுதியது:

சார், நோட்டீஸ் நாலு பக்கம். முதல் பக்கம் அம்மன் படம், வரி கொடுத்தவர் பெயர் இரண்டு பக்கம், கடைசியில்தான் இந்தக் கணக்கு. எல்லாம் வேர்டில் இருக்கிறது. பத்து வரிசைக்காக எக்செல்லுக்குப் போய்வர வேண்டுமா என்றுதான் யோசித்தேன்.

அண்ணாச்சி, முதலில் நான் நீங்கள் எழுதிய மாதிரியே "=சம்(" என்று தமிழிலேயே அடித்தேன் 😀 எரர் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இப்போது 2023க்கு 186,700 கனகச்சிதம். 2024க்கு 194,735. நோட்டு 1,94,915. இன்னும் 180 இடிக்கிறது. இதில் எந்தத் தலைப்பும் இல்லை.

---

சிவப்புப்பேனா எழுதியது:

தம்பி, இதற்கு வேர்டு தெரிந்தவன் வேண்டாம், பேரேடு எழுதினவன் போதும். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

180ஐ 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதமில்லாமல் 20. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் முதல் சந்தேகம், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறிவிட்டது என்பது. கால்குலேட்டர் வருவதற்கு முந்தைய வித்தை இது. இன்னும் கொஞ்சம் போகலாம். 180 என்பது இரண்டு தொண்ணூறு. நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறினால் வித்தியாசம் தொண்ணூறின் மடங்காக வரும். இரண்டு மடங்கு என்றால் அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவே வித்தியாசம் இரண்டு. கணினியில் குறைவாக இருக்கிறது, அப்படியானால் சின்ன இலக்கம் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

நீங்கள் முதலில் போட்ட பட்டியலை இந்தக் கண்ணோடு ஒருமுறை ஓட்டினேன். மளிகையில் 7, 4. இல்லை. இதர செலவில் 3, 1, வித்தியாசம் இரண்டுதான், ஆனால் பெரியது முன்னால் இருக்கிறது, ஆகவே அது இல்லை. காய்கறி 13,685. ஆறு, எட்டு. நோட்டை எடுத்துப் பாருங்கள், 13,865 என்று இருக்கும்.

---

கொடைக்கணக்கு எழுதியது:

ஐயா!!! 13,865. நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு வெளித்திண்ணையில் நின்று எட்டிப் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள்.

முதல் போஸ்ட்டிலேயே தப்பாகத்தான் காப்பி செய்திருக்கிறேன், யாருமே கவனிக்கவில்லை, நானும்தான்.

ஒரு சந்தேகம். 13,865 என்று திருத்திவிட்டேன், மொத்தம் அதே 194,735இல் நிற்கிறது. எக்செல்லில் திருத்தின உடனே மாறுமே?

---

ஒன்பதாம்விசை எழுதியது:

சிவப்புப்பேனா ஐயாவுக்கு ஒரு சல்யூட். நான் அதை வேர்டின் தப்பு என்று நினைத்து வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

மொத்தம் மாறாதது தப்பு இல்லை, வேர்டின் இயல்பே அதுதான். வேர்டில் ஃபார்முலா என்பது ஒரு ஃபீல்டு, பொருளடக்கம், தேதி எல்லாம் எப்படியோ அப்படி. கடைசியாக எப்போது புதுப்பித்தோமோ அந்த விடையை எழுத்தாக வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும், நீங்கள் மேலே எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. எஃப்9 அழுத்தினால்தான் மறுபடி கணக்குப் போடும். எனவே அச்சுக்குப் போகும் முன் கண்ட்ரோல் ஏ, அப்புறம் எஃப்9. மறதி இருந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே போனால் பிரிண்ட் எடுக்கும் முன் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கச் சொல்லும் ஒரு டிக் கட்டம் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் பலர் செய்வது: மொத்தம் மாறவில்லையே என்று அதை அழித்துவிட்டு சரியான எண்ணைக் கையால் அடித்துவிடுவார்கள். அந்த நிமிஷமே ஃபார்முலா போய்விட்டது, அது வெறும் எழுத்து. அடுத்த வருஷம் அதே ஃபைலைத் திறந்து எண்களை மாற்றி எஃப்9ஐ ஆயிரம் தடவை அழுத்தினாலும் அசையாது. எது ஃபார்முலா எது வெறும் எண் என்று பார்க்க ஆல்ட் எஃப்9 அழுத்துங்கள், ஃபார்முலா இருக்கிற இடமெல்லாம் நெளிவு அடைப்புக்குள் தெரியும். மறுபடி அழுத்தினால் பழைய மாதிரி. அந்த நெளிவு அடைப்பைக் கீபோர்டில் அடித்துப் பார்க்காதீர்கள், அது வேலைக்கு ஆகாது, கண்ட்ரோல் எஃப்9 போட்டால் வருகிற அடைப்புதான் ஃபீல்டு.

---

அச்சுமை எழுதியது:

இந்த இழையில் நானும் நுழைந்துகொள்கிறேன். எங்களுடையது டிடிபி கடை. ஒரு மரக்கடைக்காரருக்கு மாதம் பத்துப் பதினைந்து கொட்டேஷன் வேர்டில் அடித்துக் கொடுக்கிறேன். பொருள், எண்ணிக்கை, விலை, தொகை என்று நாலு கட்டம். முதல் வரிசைத் தொகையில் =பி2*சி2 போட்டேன், சரியாக வந்தது. அதைக் காப்பி செய்து கீழே பன்னிரண்டு வரிசையிலும் பேஸ்ட் செய்து எஃப்9 போட்டால் பன்னிரண்டிலும் ஒரே தொகை. நிலைக்கதவும் 24,000, கொக்கியும் 24,000. நல்லவேளை அந்த அண்ணாச்சி கொக்கியைப் பார்த்துவிட்டார், இல்லை என்றால் பார்ட்டிக்குப் போயிருக்கும்.

---

ஒன்பதாம்விசை எழுதியது:

அக்கா, கொக்கி தங்கத்தில் செய்ததோ 😀

எக்செல்லில் பேஸ்ட் செய்தால் பி2 என்பது கீழ்வரிசையில் பி3, பி4 என்று தானாக மாறும். வேர்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பி2 என்று எழுதினால் எங்கே கொண்டுபோய் ஒட்டினாலும் அது பி2தான். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் =பி3*சி3, =பி4*சி4 என்று கையால்தான் மாற்ற வேண்டும். ஒருமுறை முப்பது வரிசைக்கு மாற்றி டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்துக்கொண்டு, தேவையில்லாத வரிசையைக் கீழிருந்து நீக்குங்கள். நடுவில் ஒரு வரிசையைச் செருகினால் அத்தனையும் ஒரு படி நழுவும், அதையும் அது தானாகச் சரிசெய்யாது. அதைவிட மோசமானது, கடைசி வரிசைக்குக் கீழே இரண்டு வரிசை கூடுதலாகச் சேர்த்துவிட்டு மொத்தத்தில் டி13 வரை என்று பழைய எல்லையையே விட்டுவிடுவது. மொத்தம் ஒழுங்காக இருக்கிற மாதிரியே தெரியும், இரண்டு பொருள் இலவசமாகப் போய்விடும்.

உங்கள் மாதிரித் தினமும் அடிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. இன்செர்ட், டேபிள், அதற்குள் எக்செல் ஸ்பிரெட்ஷீட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் வேர்டு பக்கத்துக்குள்ளேயே ஒரு குட்டி எக்செல் திறக்கும். கொட்டேஷனுக்கு அதுதான் சரி.

---

தென்றல்77 எழுதியது:

நான் முதலில் சொன்னது இதைத்தானே.

---

ஒன்பதாம்விசை எழுதியது:

இல்லை, நீங்கள் எல்லாவற்றுக்கும் சொன்னீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை, பத்து வரிசை, வெறும் கூட்டல் என்றால் வேர்டு தாராளம். தினமும் பெருக்கல், வரி, சதவீதம் என்று வந்தால் எக்செல். இரண்டும் வேறு வேறு வழியில் பிறந்தவை. எக்செல்லுக்கு முன்னோடியான விசிகால்க் 1979இல் வந்தபோதே கட்டம் கட்டமாகக் கணக்கு என்பதுதான் அதன் வேலை, ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றதெல்லாம் மாறும் என்பதைப் பார்த்துத்தான் கணக்கர்கள் கணினியே வாங்கினார்கள். 1983இல் வந்த வேர்டு கடிதம் அடிக்க வந்தது. அதன் டேபிள் என்பது ஓரம் நேராக நிற்கக் கட்டம் போட்ட தாள், கணக்குப் பட்டன் அதன் மேல் ஒட்டுப் போட்டது. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துக் கூட்டும், அவ்வளவுதான்.

---

அச்சுமை எழுதியது:

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவர் கொட்டேஷனில் மேலேயே "மொத்தத் தொகை" என்று ஒரு வரி பெரிய எழுத்தில் வேண்டும் என்பார். டேபிளின் முதல் வரிசையில் வைத்து, கீழே இருக்கிற தொகைகளைக் கூட்டச் சொன்னேன். கண்ட்ரோல் ஏ, எஃப்9 எல்லாம் அழுத்துகிறேன், மேலே இருப்பது எப்போதும் ஒரு தடவை பின்தங்கி இருக்கிறது. விலையை மாற்றினால் வரிசைத் தொகை மாறுகிறது, மேல் மொத்தம் பழையது. மறுபடி எஃப்9 அழுத்தினால் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

---

ஒன்பதாம்விசை எழுதியது:

பேய் இல்லை அக்கா, வரிசைக்கிரமம். வேர்டு ஃபீல்டுகளை மேலிருந்து கீழாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். மேல் மொத்தத்துக்குப் போகும்போது கீழ்த் தொகைகள் இன்னும் பழையவை, பழையதைக் கூட்டி வைத்துவிட்டு இறங்கும். ஆகவே மேலே மொத்தம் இருக்கிற டேபிளுக்கு எஃப்9 இரண்டு தடவை. நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

---

லிப்ரேவாசி எழுதியது:

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் (வேர்டு மாதிரியே ஓர் இலவச மென்பொருள்) இந்த எஃப்9 வம்பு பெரிதாக இல்லை, செல்லை விட்டு வெளியே வந்ததுமே அந்த டேபிளின் மொத்தம் மாறிவிடும். ஆனால் அங்கே வேறு ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு மாதாமாதம் பராமரிப்புக் கணக்கு போடுகிறேன். ஒருவர் ரூ.2,500 என்று அடித்து அனுப்பினார், நான் அப்படியே வைத்தேன், மொத்தத்தில் அது மட்டும் சேரவே இல்லை. "ரூ." என்பது எழுத்து, ஆகவே அந்தச் செல் முழுவதும் ரைட்டருக்கு எழுத்துதான். கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எண்ணாக ஏற்றுக்கொண்டால் செல்லில் வலப்பக்கமாகத் தள்ளி நிறுத்தும், எழுத்து என்று நினைத்தால் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்து எண் வலப்பக்கம் வரிசையாக நிற்கும்போது ஒன்று மட்டும் இடப்பக்கம் நிற்கிறதா, அதுதான் ஆள். எல்லாமே இடப்பக்கம் நின்றால் டேபிள் மெனுவில் நம்பர் ரெகக்னிஷன் டிக் இல்லாமல் இருக்கிறது என்று அர்த்தம், போட்டுவிட்டு எண்களை மறுபடி அடியுங்கள். ரூ. என்பதைத் தலைப்பில் ஒரு தடவை போட்டால் போதும், செல்லுக்குள் எதற்கு?

ஃபார்முலா எழுதும் விதமும் வேறு. செல்லில் = அடித்தாலே மேலே ஃபார்முலா பட்டை திறக்கும், எஃப்2 அழுத்தினாலும் திறக்கும். செல் பெயரைக் கோண அடைப்புக்குள் போட வேண்டும்: =சம் <டி2:டி11>. ஃபார்முலா சுட்டுகிற செல்லை நீக்கிவிட்டால் மொத்தம் இருந்த இடத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு எக்ஸ்பிரஷன் தப்பு என்று ஆங்கிலத்தில் திட்டும், பயப்பட வேண்டாம், அதைத் திறந்து செல் பெயரைத் திரும்பக் கொடுத்தால் போதும்.

---

கொடைக்கணக்கு எழுதியது:

அதில் லட்சத்துக்குக் கமா வருமா? எனக்கு வேர்டில் 194,915 என்று வருகிறது, ஊரில் இப்படி எழுதினால் பெரியவர்கள் "இது என்ன எண்" என்பார்கள்.

---

லிப்ரேவாசி எழுதியது:

வரும். செல்லில் ரைட் கிளிக் செய்து நம்பர் ஃபார்மட் போய், மொழியை இந்திய ஆங்கிலம் என்று வைத்து, ஃபார்மட் கட்டத்தில் #,##,##0 என்று அடியுங்கள். 1,94,915 என்று அழகாக நிற்கும். உங்களுக்கு வேர்டில் இருப்பது இரண்டே மொத்தம்தானே, பேசாமல் எல்லாம் சரிபார்த்த பிறகு கடைசிப் பிரதியில் மட்டும் ஃபீல்டை எழுத்தாக மாற்றிவிட்டு, அதற்குக் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9, கமாவைக் கையால் நகர்த்துங்கள். மூல ஃபைலை அப்படியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

அச்சுமை எழுதியது:

ஒரு பைசா இடிக்கிற கதை யாருக்காவது உண்டா? ஜிஎஸ்டி பில்லில் எனக்கு அடிக்கடி வருகிறது. அதுவும் ரைட்டரில் அடித்தால் ஒரு விடை, வேர்டில் அடித்தால் ஒரு விடை. பொருள் 1,235.40. மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம். ரைட்டரில் மொத்தம் 1,457.77. வேர்டில் 1,457.78. கஸ்டமர் கையால் கூட்டினால் 1,457.78தான் வருகிறது.

---

லிப்ரேவாசி எழுதியது:

இரண்டும் தத்தம் வழியில் சரி, அதுதான் வேடிக்கை. 1,235.40இல் 9 சதவீதம் 111.186. இரண்டு இலக்கத்துக்குக் காட்டச் சொன்னதால் இரண்டு வரியிலும் 111.19 என்று தெரிகிறது. ரைட்டர் உள்ளுக்குள் 111.186ஐத்தான் வைத்திருக்கிறது, கூட்டும்போது அதை எடுக்கிறது, 1,457.772, கடைசியில் 77 பைசா. வேர்டு வைத்திருப்பதே கண்ணுக்குத் தெரிகிற எழுத்துதான், ஆகவே இரண்டு 111.19ஐக் கூட்டுகிறது, 78 பைசா. ஒன்பதாம்விசை சொன்ன "தாளில் எழுதியிருப்பதைப் படித்துக் கூட்டும்" என்பது இங்கே நமக்குச் சாதகம்.

ரைட்டரில் சரிசெய்ய, வரிச் செல்லிலேயே முழுதாக்கிவிடுங்கள்: =(<பி2>*0.09) ரவுண்ட் 2. அப்புறம் உள்ளேயும் வெளியேயும் ஒரே எண்.

---

சிவப்புப்பேனா எழுதியது:

அம்மா, பைசாவுக்கு ரொம்ப அல்லாட வேண்டாம். 2017 ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவே வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுதாக்கச் சொல்கிறது, ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். பில்லின் கீழே "முழுதாக்கல்" என்று ஒரு வரி வைத்து அந்தப் பைசாவைக் காட்டிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எந்த இடத்தில் முழுதாக்குகிறீர்கள் என்பதில் ஒரே முறையாக இருங்கள், ஒரு பில்லில் பொருள் பொருளாகவும் இன்னொன்றில் மொத்தத்திலும் என்று செய்தால் ஆடிட்டருக்குத் தலைவலி.

---

ரைன்கரை எழுதியது:

ஜெர்மனியிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக் கணக்கை ஊரில் இருக்கிற நண்பர் ஒருவர் வேர்டில் போட்டு அனுப்பினார். மண்டப வாடகை 1,250, சாப்பாடு 1,100, அச்சு 90. மொத்தம் 2,440 என்று அழகாக இருந்தது. நான் சாப்பாட்டுப் பெயரைத் திருத்திவிட்டு, நல்ல பிள்ளையாக எஃப்9 அழுத்தினேன். மொத்தம் 92,35! விழாவையே தொண்ணூற்றிரண்டு யூரோவில் முடித்துவிட்டோம்.

இங்கே விண்டோஸில் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. வேர்டு அந்த அமைப்பைத்தான் பார்க்கிறது. ஆகவே 1,250 என்பது ஒன்றேகால், 1,100 என்பது ஒன்றும் சொச்சமும். 90 மட்டும் 90. வேறு நாட்டில் செய்த ஃபைலைத் திறந்தால் எஃப்9க்கு முன்னால் கமாக்களைப் பாருங்கள். ஃபார்முலாவில் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும்போதும் இதே சங்கடம்தான், ஊரில் கமா போட்ட இடத்தில் இங்கே அரைப்புள்ளி போட வேண்டியிருக்கிறது.

---

மின்னல்வரி எழுதியது:

நான் இதையெல்லாம் போனிலேயே கூகுள் டாக்ஸில் செய்யலாம் என்று பார்த்தேன், ஃபார்முலா பட்டனே காணோம்.

---

ஒன்பதாம்விசை எழுதியது:

கூகுள் டாக்ஸ் டேபிளுக்குக் கூட்டத் தெரியாது. கூகுளின் எக்செல் மாதிரியான ஷீட்ஸில் கணக்கைப் போட்டு, கம்ப்யூட்டரில் அதைக் காப்பி செய்து டாக்ஸில் ஒட்டும்போது இணைப்போடு ஒட்டவா என்று கேட்கும், ஆம் என்றால் ஷீட்ஸில் மாற்றியதும் இங்கே அப்டேட் என்று ஒரு பட்டன் வரும்.

கொடைக்கணக்கு, உங்களிடம் ஒன்று சொல்ல விட்டுப்போனது. "மொத்தம்" என்ற கடைசி வரிசையில் எண் கட்டத்தையும் விவரக் கட்டத்தையும் அழகுக்காக ஒன்றாக இணைத்துவிடாதீர்கள். இணைத்தால் அந்த வரிசையில் மட்டும் கட்டத்தின் பெயர் நகர்ந்துவிடும், சி12 என்று நீங்கள் நினைப்பது பி12 ஆகிவிடும். உங்கள் மொத்தம் கெடாது, 2 முதல் 11 வரை இணைப்பு இல்லையே. ஆனால் கீழே "மீதி இருப்பு" என்று இன்னொரு வரிசை போட்டு, வரவிலிருந்து அந்த மொத்தத்தைக் கழித்தால் அப்போது இடிக்கும்.

---

கொடைக்கணக்கு எழுதியது:

ஏற்கனவே இணைத்துவிட்டேன் அண்ணாச்சி 😀 மீதி இருப்பு வரிசையும் போட்டிருந்தேன், என்னடா கோயில் இருப்பு இப்படித் தப்பாக நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிரித்துவிட்டேன், சரியாகிவிட்டது. பிரிண்டுக்கு முன் கண்ட்ரோல் ஏ, எஃப்என்னோடு எஃப்9, எல்லாம் செய்தேன். 1,94,915. ஐம்பது பிரதி எடுத்தாச்சு.

---

கொடைக்கணக்கு எழுதியது:

கூட்டம் முடிந்தது. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தத்தை ஒருத்தர்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் நடந்த சண்டை முழுவதும் வில்லுப்பாட்டுக்கு நேரே இருந்த 0 பற்றித்தான். "அது என்ன சைபர், வைக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்று எழுத வேண்டியதுதானே, யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்" என்று. அந்த 0 தேவையில்லை என்று அண்ணாச்சி அன்றைக்கே சொன்னார், எடுக்க மறந்துவிட்டேன். அடுத்த வருஷம் வில்லுப்பாட்டு உண்டு என்று தீர்மானம் போட்டாச்சு.